பலகையைக் காப்பாற்ற என் மகள் காலில் கட்டிய கயிறு

அன்று கண்மாய்க் கரையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான். என் மகள் கௌசல்யா, வயது இருபத்து மூன்று. எங்களைக் காரில் அழைத்துப்போன பாண்டி அண்ணன். பயிற்சி நடத்தியவர். அவருடைய உதவியாளர் ஒருவர். பயிற்சிக்கு வந்திருந்த கணவன் மனைவி இருவர். கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் சோலையம்மாள். ஆக மொத்தம் எட்டுப் பேர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் மறுகரையில் தூரத்தில் இருந்தார்கள், அவர்களைச் சேர்க்கவில்லை.

இந்தப் பட்டியலை எழுதக் காரணம், "அங்க யாரு பாத்தா ஆன்ட்டி?" என்று அந்தப் பயிற்சியாளர் மறுநாள் போனில் என்னைக் கேட்டதுதான். எட்டுப் பேரில் ஏழு பேர் பார்த்தோம். எட்டாவது ஆள் பார்க்கவில்லை. அவளுக்குத்தான் பின்மண்டையில் அடி.

இந்த வலைப்பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவது கோயில் பயணம். நடை திறக்கும் நேரம், பேருந்து எண், எத்தனை கிலோமீட்டர், கழிப்பறை சுத்தமா, வயதானவர்கள் ஏற எத்தனை படி. பத்தாவது வரை படித்துவிட்டு, கைப்பேசியில் தட்டத் தட்டத் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டவள் நான். தண்ணீர் விளையாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், என் மகள் காலில் அந்தக் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்னவள் நான். அந்தத் தகுதி போதும்.

விஷயம் இதுதான். கைட் போர்டிங் என்று ஒரு விளையாட்டு. பட்டம் என்றதும் மாடியில் பிள்ளைகள் விடுவதை நினைக்காதீர்கள். இந்தப் பட்டத்தை விரித்தால் எங்கள் வீட்டு முன்கூடமே மூடிவிடும். இடுப்பில் ஒரு பட்டை கட்டி, அதில் பட்டத்தின் கயிறுகளை மாட்டி, கையில் ஒரு தண்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். காலடியில் ஒரு பலகை. காற்று பட்டத்தை இழுக்க, பட்டம் ஆளை இழுக்க, ஆள் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகிறார். கடலில்தான் செய்வார்கள். மதுரைக்குத் தெற்கே ஒரு பெரிய கண்மாயில் ஒருவர் இதைச் சொல்லித்தருகிறார் என்று கௌசி கைப்பேசியில் விளம்பரம் பார்த்தாள். போன ஐப்பசி மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை, நடுவில் நெஞ்சளவு நிற்கிறது. ஆடிக் காற்றும் பிறந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஆளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

கௌசி கப்பலூரில் ஒரு சிறு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறாள். அவள் சம்பாத்தியம், அவள் ஆசை. முதல் இரண்டு ஞாயிறும் தோழியின் ஸ்கூட்டியில் போய்விட்டு முழங்காலெல்லாம் சேறாக வந்தாள். மூன்றாவது ஞாயிறுதான் பலகையில் நிற்கும் நாள். "நீ வாம்மா, வீடியோ எடு" என்றாள். அதனால் போனேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குத் திருப்பரங்குன்றம் கோயிலில் நடை திறந்ததும் அவள் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். ஆறேகாலுக்குப் பாண்டி அண்ணன் கார் வாசலில் நின்றது. போகவர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. அவர் எங்கள் தெருவிலேயே இருபது வருடமாக ஓட்டுகிறவர். காரில் ஏறியதிலிருந்து கௌசியைக் கிண்டல்.

"என்னமோ பட்டம் பட்டம்னு சொல்லுற. அப்புடியே காத்து தூக்கிட்டுப் போயி அருப்புக்கோட்டையில எறக்கிருச்சுன்னா? நான் அங்கிட்டு வரைக்கும் எக்ஸ்ட்ரா கேப்பேன், ஆமா."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க மாமா. நீங்க எறக்குற எடத்துக்குப் பட்டமே தேவல."

நாலுவழிச் சாலையில் கப்பலூர் தாண்டி, திருமங்கலத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கிளைச் சாலையில் திரும்பினோம். கடைசி நான்கு கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்தால் கார் போகாது. வீட்டிலிருந்து கண்மாய் வரை முப்பத்து நான்கு கிலோமீட்டர், சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்து ஒரு மணி ஐந்து நிமிடம். கழிப்பறை கிடையாது. நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாய் சுற்றியிருக்கிறார்கள், அதிலும் காற்று அடித்தால் ஒரு பக்கம் பறக்கிறது. பெண்கள் திருமங்கலத்திலேயே போய்விட்டு வருவது நல்லது.

கண்மாய் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மேல்காற்று தண்ணீரைச் சுருட்டிச் சுருட்டிக் கரையில் தள்ளிக்கொண்டிருந்தது. வடக்கு ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம். போன வருடம் அதில் பாதியை வெட்டியிருக்கிறார்கள், அடிமரத் தூரைத் தோண்டி எடுக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் அந்தத் தூர்கள் நிற்கின்றன என்று எனக்குச் சொன்னவர் சோலையம்மாள். கரையில் மீன் அலசிக்கொண்டிருந்தார்.

"ஓம் மகளா? வடக்க போக வேணாமுன்னு சொல்லு தாயி. பூரா கருவேலந்தூரு. என் வலையே மாசத்துக்கு ரெண்டு கிழியிது. அந்தத் தம்பிகிட்டயும் சொல்லிப்புட்டேன். அவருக்குக் காதே கேக்கல, வாய் மட்டுந்தேன்."

நான் போய்ப் பயிற்சியாளரிடம் சொன்னேன். "நாங்க பாத்துக்குறோம் ஆன்ட்டி" என்றார். அவருக்கே முப்பத்தைந்து வயது இருக்கும். வடக்கே ஒரு கொடியோ கம்போ நட்டு எல்லை காட்டவில்லை.

பிறகு ஒரு மடக்கு மேசை, ஒரு படிவம். அதில் இரண்டு கட்டம். லீஷ் இல்லாமல், லீஷோடு. லீஷ் என்றால் காலையும் பலகையையும் சேர்த்துக் கட்டும் கயிறு. லீஷோடு என்றால் இருநூறு ரூபாய் கூடுதல். பக்கத்தில் 'பாதுகாப்பு' என்று அச்சடித்திருந்தது.

"கயிறு கட்டுனா என்ன தம்பி லாபம்?"

"விழுந்தாலும் போர்டு கூடவே இருக்கும் ஆன்ட்டி. மெதக்குற பொருள் பக்கத்துல இருந்தா சேஃப்டிதானே?"

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நீச்சல் சுமாராகத் தெரிந்த மகள், அருகில் மிதக்கும் பலகை. நான் இருநூறு ரூபாயை எடுத்து வைத்தேன். எனக்கு அடுத்து நின்ற கணவன் மனைவியில், கணவர் மட்டும்தான் தண்ணீரில் இறங்குகிறவர். "எறநூறு எதுக்குங்க தண்டமா? வேணாம்" என்று கட்டத்தில் கோடு போட்டார். அவரைப் பார்த்து என் மனதுக்குள், 'இம்புட்டு செலவழிச்சுட்டு இதுல போயி மிச்சம் பிடிக்கிறாரே மனுசன்' என்று நினைத்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

எட்டு மணிக்குப் பயிற்சியாளர் தானே தண்ணீரில் இறங்கிக் காட்டினார். நன்றாகத்தான் போனார். நடுவில் வேண்டுமென்றே பலகையை உதறிவிட்டார். பலகை அங்கேயே மிதந்தது. காற்று இவரை நாற்பது ஐம்பது அடி தள்ளிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் ஒரு கையைத் தண்ணீரில் கத்தி மாதிரிச் சாய்த்து, உடம்பையே துடுப்பாக்கி, பட்டத்தை ஒரு பக்கம் தாழ்த்தி, வலமும் இடமுமாக வளைந்து வளைந்து காற்றுக்கு எதிரே வந்து பலகையை எடுத்துக்கொண்டார். நான் கைதட்டினேன்.

"அது எப்புடி தம்பி, எதிர்காத்துல வந்தீங்க?"

"பாடி டிராக்னு சொல்லுவோம் ஆன்ட்டி. போர்டு போயிருச்சுன்னா அப்புடித்தான் திரும்பி எடுக்கணும்."

"கௌசிக்கு அதச் சொல்லிக்குடுத்தீங்களா?"

"அதுக்கே ரெண்டு நாள் ஆகும். மூணு நாள் பேக்கேஜ்ல முடியாது. அதான் கயிறு இருக்குல்ல."

அப்போதுதான் பார்த்தேன். "ஒங்க காலுல கயிறு காணோமே?"

"எனக்கு எதுக்கு ஆன்ட்டி? நான் மாஸ்டர்ல்ல."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. கௌசிக்குக் கேட்டதற்கு, இரண்டுதான் இருக்கிறது, ஒன்று அவருடையது, இன்னொன்றின் கொக்கி உடைந்துவிட்டது என்றார். "தண்ணிதானே, மண்ணுலயா விழப்போறா?"

உதவியாளர் ஒரு கறுப்புக் கயிற்றைக் கொண்டுவந்து ஒரு முனையைப் பலகையிலும் மறுமுனையைக் கௌசியின் வலது கணுக்காலிலும் கட்டினார். வார்ப்பட்டை, ஒட்டுப்பட்டை எதுவும் இல்லை, வெறும் முடிச்சு. ஆள் இழுத்தால் நீளும் கயிறு. முடிச்சு தளர்ந்திருந்தது போல எனக்குத் தோன்றியது.

"இன்னுங் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க தம்பி" என்றேன். அவர் இறுக்கினார். கோயில் திருநீற்றை அவள் நெற்றியில் பூசி அனுப்பினேன்.

முதலில் இறங்கியவர் இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர். ஒன்பது தடவை விழுந்தார், நான் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் பலகை காலைவிட்டுக் கழன்று சும்மா மிதந்தது. உதவியாளர் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் எடுத்துவந்து கொடுத்தார். விழுந்தவரின் மனைவி கரையில் நின்று, "பத்தாவதையும் விழுந்துட்டு வாங்க, ரவுண்டா இருக்கும்" என்று கத்தினார். கணவருக்கு ஒரு கீறல் இல்லை.

ஒன்பது முப்பத்தைந்துக்குக் கௌசி. இரண்டு தடவை விழுந்தாள், மூன்றாவது தடவை எழுந்தாள். கைப்பேசியில் அவளை விடாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். இருபது முப்பது அடி நின்றபடி போனாள். காற்று ஒருமுறை பலமாக அடித்தது, அவள் வடக்குப் பக்கமாகத் தள்ளப்பட்டாள். விழுந்தாள். பலகை காலைவிட்டுக் கழன்றது. ஆனால் சும்மா மிதக்கவில்லை. அதன் முனை தண்ணீருக்கு அடியில் ஒரு கருவேலந்தூரில் போய் மாட்டிக்கொண்டது.

இதை நிதானமாகப் படியுங்கள். பட்டம் அவளை முன்னால் இழுக்கிறது. பலகை பின்னால் மாட்டி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் அவள் கணுக்காலில் கட்டிய கயிறு. அது நீண்டது, நீண்டுகொண்டே போனது. கரையிலிருந்து பார்க்கும்போதே தண்ணீருக்கு மேல் விறைத்த ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அப்புறம் தூரிலிருந்து பலகை விடுபட்டது. கவட்டையிலிருந்து கல் புறப்படுகிற மாதிரி வந்தது. அவள் முகம் கரையைப் பார்த்து இருந்தது. பலகையின் விளிம்பு பின்மண்டையில், காதுக்கு மேலே அடித்தது. அந்தச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

கையிலிருந்த தண்டை அவள் விட்டுவிட்டாள். அதை விட்டால் பட்டத்தின் வேகம் குறைந்துவிடும். முதல் வகுப்பில் அவர்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் அது. பட்டம் தண்ணீரில் விழுந்தது. கௌசி குப்புறக் கிடந்தாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. பாண்டி அண்ணன் சட்டையோடு இறங்கினார். அவருக்கு முன்னால் சோலையம்மாள் போய்விட்டார். வடக்கு ஓரத்துத் தண்ணீரில் எங்கே தூர், எங்கே பள்ளம் என்று அந்தக் கால்களுக்குத்தான் தெரியும். கௌசியைப் புரட்டி முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். இழுத்தால் வரவில்லை. பலகை திரும்பவும் எங்கோ மாட்டியிருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் ஊறி, இழுபட்டு, அது கல்லாகியிருந்தது. நான் இறுக்கச் சொன்ன முடிச்சு. இடுப்பில் செருகியிருந்த மீன் கத்தியை உருவி ஒரே இழுப்பில் அறுத்தார்.

கரைக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் கௌசி இருமினாள், தண்ணீர் வந்தது, கண் திறந்தாள். என் முந்தானை முழுக்க இரத்தம்.

அந்த நேரத்தில் பயிற்சியாளர் எங்கே என்று கேட்பீர்கள். அவரும் தண்ணீரில் இறங்கினார். பலகையை எடுத்துவந்தார். கரையில் வைத்துக் குப்புறப் போட்டு, திருப்பிப் போட்டு, விளிம்பைத் தடவிப் பார்த்தார். விரிசல் விட்டிருக்கிறதா என்று. என் மகள் நான்கு அடி தள்ளிக் கிடக்கிறாள்.

பாண்டி அண்ணன்தான் அவர் சட்டையைப் பிடித்தார். "ஏலேய், புள்ள மண்டை ஒடஞ்சு கெடக்கு, நீ பலகையத் தடவிக்கிட்டு இருக்க?"

"அண்ணே, கைய எடுங்க. இது நாப்பத்தெட்டாயிரம். கருவக்காட்டுக்குள்ள போயிட்டா யாரு எடுக்குறது? கயிறு கட்டுறதே அதுக்குத்தானே!"

அவர் வாயாலேயே வந்தது. அங்கே நின்ற எல்லோரும் கேட்டோம், அவர் உதவியாளரைத் தவிர மற்றவர்கள் கேட்டதாகச் சொல்லவும் தயார். நான் இருநூறு ரூபாய் கொடுத்தது என் மகளின் பாதுகாப்புக்கு இல்லை. அவருடைய பலகையின் பாதுகாப்புக்கு. அந்தப் பலகைக்கு நங்கூரமாக என் மகளின் காலை வாடகைக்கு விட்டிருக்கிறேன், அந்த வாடகையையும் நானே கொடுத்திருக்கிறேன்.

கார் கிளம்பும்போது பயிற்சியாளர் கண்ணாடிப் பக்கம் குனிந்து சொன்னார்: "ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. முருகன் காப்பாத்திட்டாரு பாத்தீங்களா, திருநீறு வேற பூசி விட்டீங்க."

தினமும் அந்தச் சந்நிதியில் நிற்கிறவள் நான். அவன் காப்பாற்றினான் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, சோலையம்மாளின் கத்தியில் அவனைப் பார்த்தேன் என்றும் சொல்வேன். உங்களுக்கு அந்த உரிமை கிடையாது தம்பி. நீங்கள் செய்ததற்கு என் சாமியைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பத்து முப்பத்தைந்துக்கு நாலுவழிச் சாலையில் ஒரு மருத்துவமனை. ஸ்கேன் எடுத்தார்கள், மூளைக்குள் கசிவு இல்லை. ஏழு தையல். ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். வாந்தி வந்தால், தலை சுற்றினால் உடனே வரச் சொன்னார்கள். டாக்டர் "வண்டியில விழுந்தியா?" என்றார். "இல்ல டாக்டர், பலகை வந்து என்மேல விழுந்துச்சு" என்றாள். வீட்டுக்கு வந்த மறுநாள் கட்டுப்போட்ட தலையோடு என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள்: "எனக்கு ஏழு தையல்மா. ஒன் புது ப்ளவுசுக்கு எத்தன?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

அறுத்த கயிற்றின் பெரிய துண்டைப் பாண்டி அண்ணன் காரில் போட்டு வைத்திருந்தார். புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு பேருந்தில் சிம்மக்கல் போனேன். கயிறு, வலை, சணல் மொத்தமாக விற்கும் கடை ஒன்று. கல்லாவில் இருந்த பாய்க்கு அறுபது வயது இருக்கும். கயிற்றைக் கையில் வாங்கி, நீட்டி, விட்டுப் பார்த்தார். பட்டென்று சுருங்கியது.

"இது பைக் கேரியர்ல மூட்டை கட்டுறதும்மா. ரெண்டு பக்கமும் கொக்கி இருக்கும், அத வெட்டிட்டாய்ங்க. எம்புட்டு மீட்டர் வேணும்?"

"வேணாம் பாய். இத என் மக காலுல கட்டுனாங்க. இன்னொரு பக்கம் பலகையில."

அவர் கயிற்றை மேசையில் வைத்துவிட்டார். "எதுக்கும்மா?"

சொன்னேன். முழுவதும் கேட்டார். பக்கத்தில் சணல் வாங்க நின்றவரும் கேட்டார்.

"மூட்டை நகராம இருக்கத்தான் இத இழுத்துக் கட்டுறது. எம்புட்டு இழுக்குறமோ அம்புட்டு வேகமாத் திரும்பும். எங்கிட்ட வேல பாத்த பையன் ஒருத்தன் மூட்டை கட்டும்போது கைய விட்டு நழுவி, கொக்கி கண்ணோரம் கிழிச்சுருச்சு. அதுக்கே நான் திட்டுன திட்டு அல்லாவுக்குத்தான் தெரியும். இத மனுசன் காலுல கட்டுனானா? படிச்சவனா அவன்?"

"மாஸ்டராம் பாய்."

"மாஸ்டரு!" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை கௌசி என்னைக் கப்பலூருக்கு அழைத்துப்போனாள். அவள் பார்க்கிற வேலையே பொருள் எப்போது உடையும், எப்போது தாங்கும் என்று சோதிப்பதுதான். அரைநாள் முடிந்து ஆட்கள் போனபின், அவளுடைய மேற்பார்வையாளர் அனுமதியோடு, தொழிற்சாலைப் பின்முற்றத்தில் ஒரு தூணில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினாள். மறுமுனையில் மூன்று கிலோ மரப்பலகை. கயிற்றின் நீளம் ஐந்து அடி. பத்து அடி வரை இழுத்து விட்டாள். தலைக்குப் பதிலாகத் தூணில் கட்டியிருந்த காலி பெயின்ட் டப்பா அப்பளம் மாதிரி நசுங்கியது. மேற்பார்வையாளர் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒன் தல இருந்துச்சா கௌசல்யா?" என்றார்.

நீளாத கயிறாக இருந்தால் சரியா என்று கேட்டேன். அதற்கும் கௌசி பதில் வைத்திருந்தாள். கடற்கரையில் இதைச் சொல்லித்தருகிற இரண்டு பேரிடம் போனில் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் சொன்னது ஒன்றே. கற்றுக்கொள்கிறவர் காலில் பலகையைக் கட்டவே கூடாது. நீளாத கயிறும் அலையிலோ இழுப்பிலோ பலகையை ஆள் பக்கத்திலேயே வைத்திருந்து அடிக்கும். சுருண்டு கொள்கிற பெட்டி வைத்த கயிறும் அப்படித்தான், தண்ணீர் இழுத்து முடிந்ததும் பலகை திரும்பி வரும். ஹெல்மெட் போட்டால் அடி குறையலாம், கயிற்றின் ஆபத்து குறையாது. பலகையைத் திரும்ப எடுக்க ஒரே வழி உடம்பால் எதிர்காற்றில் வரப் பழகுவது. அது வராதவர்களைப் பலகையில் ஏற்றவே மாட்டோம் என்று ஒருவர் சொன்னாராம். இங்கே அதற்குப் பெயர், 'பேக்கேஜ்ல இல்ல'.

போகிறவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பட்டத்தையும் இடுப்புப் பட்டையையும் சேர்க்கும் இன்னொரு கயிறு இருக்கிறது. அது வேண்டும். தண்டை விட்டாலும் பட்டம் பறந்துபோய் இன்னொருவர்மேல் விழாமல் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் அதில் ஒரே இழுப்பில் கழலும் பிடி இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும் முன் கரையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிடியை மூன்று தடவை கழற்றச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கை பழகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். காலில் பலகைக்கு என்று ஒரு கயிறு வந்தால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு என்ன பெயர் அச்சடித்திருந்தாலும் சரி. சொல்லித்தருகிறவர் காலில் இல்லாத எதையும் உங்கள் பிள்ளை காலில் கட்ட விடாதீர்கள். கண்மாய் என்றால் அடியில் என்ன கிடக்கிறது என்று மீன் பிடிக்கிறவர்களிடம் கேளுங்கள், படிவம் நீட்டுகிறவரிடம் கேட்காதீர்கள். ஹெல்மெட் ஆளுக்கு ஒன்று இல்லை என்றால் அப்படியே காரைத் திருப்புங்கள். பணம் போனால் போகட்டும். கணக்கெழுதுகிற நானே சொல்கிறேன்.

கௌசி திரும்பவும் போவேன் என்கிறாள். இங்கே இல்லை, கடலுக்கு. அந்த எதிர்காற்றுப் பயிற்சியை முதலில் முடித்துவிட்டு. வேண்டாம் என்று சொல்ல என் வாய்க்கு வருகிறது. ஆனால் அவள் விழுந்தது அவள் ஆசையால் இல்லை. அவள் எழுந்து நின்ற அந்த முப்பது அடி என் கைப்பேசியில் இருக்கிறது. அவள் முகத்தை நான் அப்படி இதற்கு முன் பார்த்ததில்லை. அவளைத் தடுத்தால் தப்புச் செய்தவரை விட்டுவிட்டு அடிபட்டவளைத் தண்டிப்பதாகும். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று யோசித்தேன், எனக்கு நினைவில் வந்ததெல்லாம் அந்த முடிச்சுதான். இறுக்கச் சொன்னது என் அறியாமை. அறிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். என் பங்கை நான் எழுதிவிட்டேன். அவருடைய பங்கைத்தான் அவர் இன்னும் சொல்லவில்லை.

இப்போது பயிற்சியாளருக்கு. உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை, நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். போன வாரம் இரண்டு தடவை செய்தி அனுப்பினேன். பெயின்ட் டப்பாவின் படத்தையும் அனுப்பினேன். இரண்டுக்கும் நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. மருத்துவச் செலவை நான் கேட்கவில்லை. அதை எப்போது, எப்படிக் கேட்பது என்பதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

நேற்று உங்கள் புது விளம்பரம் வந்தது. வருகிற ஞாயிறு ஒரு கல்லூரியிலிருந்து பதினான்கு மாணவிகள். கௌசியோடு வேலை பார்க்கும் பெண்ணின் தங்கை அதில் ஒருத்தி. அவள் அம்மா நேற்று எனக்குப் போன் செய்தார். "நீங்க அங்க போயிட்டு வந்தவுகளாமே. கயிறு கட்டித்தான் எறக்குறாங்களாம், பயப்பட வேணாமுன்னு சொன்னாங்க. நல்லதுதானங்க?" என்று கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. நடந்ததைச் சொன்னேன். அவர் மகளை அனுப்பவில்லை என்றார். மீதிப் பதின்மூன்று அம்மாக்களின் எண் என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது. அந்தப் படிவத்தில் வாங்கியிருப்பீர்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் காலில் அந்தக் கயிற்றைக் கட்டப்போகிறீர்களா, இல்லையா? தயவுசெய்து சனிக்கிழமை மாலைக்குள் எனக்குப் பதில் அனுப்புங்கள்.